கீழே கிடக்கும் எண்

போன சிறுபோகத்தில் சீட்டுத்தான் குலுக்கினோம்.
ஒரு சீட்டின் மூலை மடிந்திருந்ததாம்.
யார் முதலில் சொன்னது, தெரியாது.
ஆனால் நாவிதன்வெளி முழுக்க
அந்த மூலையைக் கண்ணால் கண்டிருந்தது.

இந்த முறை கட்டை உருட்டுவோம் என்றார்கள்.
வாய்க்கால் ஐந்து.
முதல் தண்ணீர் யாருக்கு என்பதுதான் வழக்கு;
கடைசி முறை வரைக்கும் குளம் தாங்குமா என்பது
எஞ்சினியருக்கே தெரியாது.

கடையில் வாங்கிய கட்டைக்கு ஆறு முகம்.
ஒன்றுக்கு எதிரே ஆறு, இரண்டுக்கு எதிரே ஐந்து,
எந்தப் பக்கம் பிடித்தாலும் கூட்டினால் ஏழு.
அழகுதான்.
ஆறு விழுந்தால் திரும்ப உருட்டலாம்,
கணக்கு ஒப்புக்கொள்ளும்.
ஒத்திகை பார்த்தேன்: ஆறு. ஆறு. மறுகாவும் ஆறு.
"ஆறாம் வாய்க்கால் எங்க புள்ள கிடக்கு?" என்றார் ஆதம்பாவா.
பூபாலப்போடி சிரிக்கவில்லை.
பாண்டிருப்பில் பிறந்து இங்கே கலியாணம் முடித்தவர்.
வருஷாவருஷம் பாண்டவரை வனத்துக்கு அனுப்புகிற ஊர்,
கட்டையைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்வார்.

எல்லா முகமும் ஒன்றுபோல் இருக்கிற உரு
நாலுக்கு உண்டு, ஆறுக்கு உண்டு, எட்டுக்கும் உண்டு.
ஒற்றைப்படைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.
குறுக்குவழி, பென்சில்:
நீளமாய்ச் சீவினால் முனைகள் போட்டியை விட்டு விலகும்.
முதிரையில் செய்வித்தேன். மூலைக்கு நூற்றெட்டுப் பாகை.
நிமிர்ந்து நிற்காதபடி
இரண்டு முனையும் கூர்.

உருட்டிய பிறகுதான் புரிந்தது,
ஐந்து படுத்தால் மேலே முகம் இல்லை,
விளிம்பு.
விடை அடியில் கிடக்கும், மண்ணைத் தொட்டபடி.
தூக்கினால் தெரியும்.
தூக்குகிற கையை யார் நம்புவது?

ஐந்நூறு தரம் உருட்டினேன், பாயில், இரண்டு இரவு.
சத்தத்தில் தூக்கமில்லை என்று
புருஷன் தலையணையோடு விறாந்தைக்குப் போனான்.
தொண்ணூற்றிரண்டு, நூற்றொன்பது, தொண்ணூற்றேழு,
நூற்றுப்பதினெட்டு, எண்பத்துநாலு.
நூறு நூறாய் வராது.
வந்திருந்தால்தான் கட்டையைச் சந்தேகித்திருப்பேன்.
விலகலை வர்க்கித்து, கூட்டி, நூறால் வகுத்தேன்:
ஏழு தசம் மூன்று நாலு.
ஒன்பதரை மட்டும் போகலாம் என்கிறது அட்டவணை.
ஆகவே கட்டை நேர்மையானது. அல்லது
நேர்மையில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.
இரண்டும் ஒன்றல்ல.

நூற்றுப்பதினெட்டு விழுந்தது நாலாம் முகம்.
நாலாம் வாய்க்காலில்தான் என் சீதனக் காணி,
இரண்டரை ஏக்கர்.

எண்கள் இன்னும் பென்சிலில்தான் இருந்தன.
அழித்தேன். நாலையும் ஐந்தையும் இடம் மாற்றினேன்.
எண்பத்துநாலு விழுந்த முகத்தை எனக்கு வைத்துக்கொண்டு
மேலே கறுப்புப் பெயின்ட் தடவினேன்.
ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால்
ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள்.

மதகடியில் சாக்கு விரித்து
வட்டவிதானை உருட்டினார்.
விளிம்பு வானத்தைப் பார்த்தது.
வாய்க்காலுக்கு ஒரு கையாய் ஐந்து கை
ஒன்றாய்த் தூக்கின.

நாலு.

ஐந்நூறில் எண்பத்துநாலு என்பது சைபர் அல்ல,
எனக்கு அது மறந்துபோயிருந்தது.
பூபாலப்போடி கட்டையை வாங்கி
வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பினார், திருப்பினார்.
"இன்னொருக்கா உருட்டிப் பாப்பமா, சரிதானா எண்டு?"
உருட்டினால் இன்னொரு எண் வரும் ஐயா.
இந்த எண் சரியா என்பது வராது.
இதை வாய் திறந்து சொன்னேனா, நினைவில்லை.
கொப்பியில் எழுதினேன்:
முதல் முறை, நாலாம் வாய்க்கால், திகதி, ஐந்து கையெழுத்து.
"போட்டுத்தே, முடிஞ்சுது" என்று
ஆதம்பாவா பலகையைத் தூக்கப் போனார்.

இரவு, டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
நாலுக்கு அடியில், பெயின்டுக்கும் அடியில்,
அழித்த ஐந்தின் வயிறு
பள்ளமாய்த் தெரிகிறது.