பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு வினையெச்சம்

பாம்பன் ஐஸ் கம்பெனியில்
பில் புத்தகத்துக்கு அடியில் வைத்துத்தான் படிக்கிறேன்,
நானூற்று முப்பது பக்கம்.
அட்டையில் மூன்று பாய்மரம், ஒரு வாள்.
பாய் மேற்கே புடைத்திருக்க
கொடி கிழக்கே பறக்கிறது.

இரண்டாமாண்டு, தொலைநிலைக் கல்வி.
'இந்நாவலின் இலக்கிய உத்திகளை ஆராய்க.'
பத்து மதிப்பெண்.

முதல் உத்தி உடனே பிடிபட்டது.
ஒவ்வோர் அத்தியாயமும்
யாரோ கதவைத் தட்டும்போது முடிகிறது.
அடுத்தது வேறு ஊரில் தொடங்குகிறது.
தட்டியவர் முப்பது பக்கம் வெளியிலேயே நிற்கிறார்.
லாரிக்காரர் ஹாரன் அடித்தால்
நானும் அப்படித்தான் நிறுத்துகிறேன்.
பன்னிரண்டு பார், உடைத்தது, கடன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது
பக்கத்தின் ஓரம் நனைந்திருக்கிறது.

இளவரசி மேல்தளத்தில் நின்று நிலவைப் பார்க்கிறாள்.
நிலவுக்கு மட்டும் ஒன்பது உவமை, எண்ணினேன்.
எட்டுப் பக்கம் முன்னால்
அன்று அமாவாசை என்றிருந்தது.

தேவிபட்டினத்தில் நங்கூரம் எடுத்த கப்பல்கள்
வாடை பின்னின்று தள்ள
நாகைக்கு விரைகின்றனவாம்.
வாடை வடக்கேயிருந்து வரும் காற்று, ஐயா.
அதை வைத்துக்கொண்டு
தொண்டியைக்கூடத் தாண்ட மாட்டீர்கள்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன், 'எந்த மாசம்?'
அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.
'கதைதானே, விடு. மோட்டார் வெச்சிருப்பான்.'

ஆனால் பதினான்காம் அத்தியாயத்தில்
இந்த மனிதருக்குக் கடல் தெரிந்திருக்கிறது.
இருட்டில், அணியத்தில், ஒருவன் குந்தியிருக்கிறான்.
கயிற்று முனையில் ஈயக்குண்டு,
குண்டின் அடியில் மெழுகு.
ஒட்டி வந்த சேற்றை நக்கிப் பார்த்து
'மூணு பாகம், களி, இடப்பக்கம் ஒதுக்கு' என்கிறான்.
பெயர் இல்லை. முகம் இல்லை.
நாக்கு மட்டும் இருக்கிறது.
ஒரு பக்கம் முழுக்க
அந்த நாக்கின் மேல்தான் நாற்பது கப்பல் நகர்கிறது.

பிறகு இந்த வாக்கியம்.
'எரியம்பு வந்து தைத்து, ஆழம் பார்த்தவன் கடலில் வீழ்ந்து,
பாய் பற்றிக்கொள்ள, படைத்தலைவன் கொற்றன்
வாளை உருவினான்.'

நான்கு முறை படித்தேன்.
வீழ்ந்து.
செய்து என்னும் வாய்பாட்டு எச்சம்
தன் எழுவாயின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்று
போன வருஷம்தான் படித்தேன்.
இங்கே இவன் வீழ்ந்து, அவன் உருவினான்.
சாவு எச்சம், வாள் முற்று.
தெரிந்தேதான் செய்தாரா,
கை ஓடின வேகமா,
இதுவரை எனக்கு முடிவு தெரியவில்லை.

இதே வாக்கியம் எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.
தகரப்பெட்டியில், ரேஷன் கார்டுக்குக் கீழே,
மீன்துறை முத்திரை வைத்த தாளில்.
'நாட்டுப்படகு கவிழ்ந்து, இருவர் நீரில் மூழ்கி,
இயந்திரம் முழுவதும் சேதமடைந்தது.'
இயந்திரத்துக்குத்தான் முற்றுவினை.
இருவரில் ஒருவர் என் சித்தப்பா நசரேன்.
மற்றவரைத் தெரியாது.
மண்டபத்திலிருந்து அன்று ஒருநாள் மட்டும் ஏறியவராம்.

விடைத்தாளில்
பின்னோக்கு, முன்னுணர்த்தல், வருணனை என்று
ஒழுங்காகத்தான் தொடங்கினேன்.
மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.
வெகுநேரம் கழித்து ஒரு வரி எழுதினேன்.
அவன் வீழ்ந்தான்.
அடுத்த வரியைக் காலியாக விட்டேன்.
அதன் பிறகு கொற்றன் என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும்.

தாள் திரும்பி வந்தது.
பத்துக்கு ஐந்தரை.
'அவன்' என்பதைச் சிவப்பால் வட்டமிட்டு
பேராசிரியர் கேட்டிருக்கிறார்,
'யார்?'