மூணாம் தண்ணி

ஒத்தக்கடை மெயின் ரோட்டில் என் போர்டு:
பைக் கழுவ அறுபது, கார் முந்நூறு.
கார்பெட்டுக்கு விலை எழுதியதில்லை.
ஜெசிந்தா டீச்சர் ஆட்டோவில் கொண்டுவந்தபோது
சுருட்டியதை நானும் டிரைவரும் தோளில் வாங்கினோம்.
ஒரு ஆள் கனம்.

மஸ்கட்டிலிருந்து தம்பி அனுப்பியதாம்.
"தினமும் பெருக்குறேன்ப்பா, அழுக்கே தெரியாது."
தெரியாதுதான்.
மேலே கிடப்பதை உள்ளே தள்ளிவிட்டு
வேலை முடிந்ததென்று
மூலையில் போய்ச் சாய்ந்துகொள்ளும் விளக்குமாறு.

கவிழ்த்துப் போட்டு மட்டையால் நாலு வைத்தேன்.
யானைமலை ஒரு நிமிஷம் மறைந்தது.
மேலூர்ப் பக்கத்துக் கல்லுப்பொடி,
நாலுவழிச்சாலைக்கு வெட்டிய செம்மண்,
ஆடிக்காற்றில் ஜன்னல் இடுக்கு வழியே வந்து
வாடகை தராமல் குடியிருந்தது அத்தனையும்.

முதல் தண்ணி கருப்பு.
வீட்டு வழக்கை நடுரோட்டில் வாசித்த மாதிரி
டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
"எல்லார் வீட்டுதும் இப்படித்தான். கலெக்டர் வீட்டுதும்."
கலெக்டர் வீட்டு கார்பெட்டை
நான் கண்ணால் பார்த்ததில்லை.

ரெண்டாம் தண்ணி பழுப்பு.
டீ, டெட்டால், சிந்திய கஞ்சி,
ஏதோ மாத்திரையின் ரோஸ் கறை.
கறையைத் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.
வெந்நீர் பட்டால் சாயம் இறங்கிவிடும்.
பிரஷ்ஷை மயிர் சாய்ந்த பக்கமே இழுக்கணும்,
பூனையைத் தடவுகிற மாதிரி.
மூணு பேருக்குக் காசு கட்டி அழுத பிறகு
படித்த படிப்பு.

மூணாம் தண்ணி தெளிந்து ஓடியபோதுதான் பார்த்தேன்.
ஓரமாய், ஆறடிக்கு மூணடி
வெயிலே படாத சிவப்பு.
அதன் நாலு மூலையிலும்
ரூபாய் அகலத்துக்கு ஒரு குழி.

"சாருக்குப் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டில்.
ரெண்டு வருஷம் நாலு மாசம்.
போன வாரம்தான் வாடகைக்காரன் வந்து எடுத்துட்டுப் போனான்."

நான் பம்ப்பை நிறுத்தினேன்.
"குழியில ஐஸ் வெச்சு, உருகினதும் சீப்பால வாரினா
எந்திரிச்சிரும் டீச்சர்."
எதிர்த்த ஜூஸ் கடையில் நாலு கட்டி வாங்கிவந்தேன்.
மூணை வைத்தேன்.
நாலாவதைக் கை நீட்டி வாங்கி
டீச்சர் வாயில் போட்டுக்கொண்டார்.

வெயில் அப்படி.

"எவ்வளவுப்பா?"
"ஒரு காருக்கு உள்ளதைக் குடுங்க.
ரெண்டு நாள் காயணும்.
ஈரத்தோட சுருட்டினா வாடை அடிக்கும்."
கன்னத்தில் ஐஸ் புடைக்கத் தலையாட்டினார்.