பதினைந்து மில்லி

இந்த மலையில் சைக்கிள் என்றால்
பாதி நேரம் நம்மைச் சுமப்பது,
பாதி நேரம் நாம் தள்ளுவது.
விடியுமுன் வெறும் பெட்டியோடு
பொகவந்தலாவைக்கு இறங்குவேன்.
நாற்பது றாத்தல் பாணோடு ஏறும்போது
பக்கத்தில் நடப்பேன்,
மாடு ஓட்டிப் போகிறவள் மாதிரி.

சீட்டுக் காசில் வாங்கிய மோட்டார்
பதுளையிலிருந்து என் மடியில் வந்தது.
சாக்குக்குள் என்ன என்றான் கண்டக்டர்.
பூசணிக்காய் என்றேன்.
கம்பி கோக்க பௌசான் கடையில் இரண்டு நாள்.

லுமாலாவின் பின் கவைக்குள் அளந்தால்
நூற்றிருபது.
மோட்டார் அச்சு, தோளிலிருந்து தோளுக்கு
நூற்று முப்பத்தைந்து.
சுண்டுவிரல் அகலம்தான் குறைவு.
அந்த அகலத்துக்குள் அடைபட்டு நின்றது
மேல் டிவிஷன் ரோடு முழுவதும்.

"போகாது" என்றார் விமலசேன,
வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாமலே.
"போனாலும் அந்த ரோட்டுக்குக் காணாது."

மரை போட்ட கம்பி ஒன்று, நட்டு இரண்டு.
உள்ளிருந்து வெளியே தள்ளும்படி
இதற்கு அரைச் சுற்று, அதற்கு அரைச் சுற்று.
நூற்று முப்பத்தைந்துக்கு விரித்துக் கழற்றினேன்:
நூற்றிருபது.
நூற்று நாற்பத்தைந்து:
நூற்றிருபத்திரண்டு.
நூற்று அறுபதில் ஏதோ முனகியது,
இரும்பா, பெயிண்டா, என் பல்லா
தெரியவில்லை.

தையல் நூலைத் தலைக் குழாயில் கட்டி
இரண்டு பக்கமும் பின்னுக்கு இழுத்துப் பிடித்தேன்.
இடது கால் நாலு மில்லி அதிகமாக விலகியிருந்தது.
சமமாகத் தள்ளினாலும்
ஒன்றுதான் முதலில் விட்டுக்கொடுக்கிறது.
வலதை மட்டும் தனியாகக் கெஞ்ச
ஒரு ராத்திரி போனது.

பிறகு அரம்.
அச்சு உட்கார அரை மில்லி.
மூக்கில் இரும்புத் தூள்,
தேத்தண்ணியிலும் இரும்பு ருசி.

முதல் ஓட்டம் லயத்து வாசலில்.
கைப்பிடியைத் திருகினேன்.
சில்லு நின்றது, அச்சு சுற்றியது.
கவையின் வாயைக் கிழித்துக்கொண்டு
வயர்களை ஈரத்துணிபோல் பிழிந்தது.
தடிப்பு மூன்று, மெல்லிசு ஐந்து,
எட்டும் போயின.
ஜெயசீலியின் பிள்ளைகள் கை தட்டினார்கள்,
அது அப்படித்தான் ஓடும் என்று நினைத்து.

சில்லை முன்னுக்குத் தள்ளுகிற மோட்டார்
அச்சைப் பின்னுக்குத் தள்ளும்.
தள்ளுகிற எதற்கும் ஊன்ற ஓர் இடம் வேண்டும்.
எனக்கு அது இத்தனை வருஷம்
ரோட்டோரக் கானின் விளிம்பு.

கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன தம்பி அரியநாதன்
கவ்வாத்துக் கத்தியை விட்டுப் போயிருந்தான்.
போனில் கேட்டேன்.
"வெட்டிக்க. திரும்பி வந்து
நான் கவ்வாத்தா வெட்டப் போறேன்?"
அடுப்பில் சிவக்க வைத்து, சாம்பலில் ஆறவிட்டு,
இரண்டு துண்டாக்கித் துளைத்து
அச்சின் கழுத்தை
இரு புறமும் சட்டத்தோடு பூட்டினேன்.
கிழிந்த வாயை விமலசேன ஒட்டித் தந்தார்.
காசு வாங்கினார். ஒன்றும் சொல்லவில்லை.

பாண் பெட்டிக்கு அடியில் பேட்டரி.
மூன்றாவது வளைவில் மோட்டார் திணறியது,
நானும் மிதித்தேன்.
பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் எல்லாம்
இந்தப் பக்கம் திரும்பினார்கள்.
பாலத்தடியில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன்:
தேத்தண்ணிக் கோப்பைச் சூடு.
போகலாம்.

அன்னக்கிளி பாணை வாங்கி
ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.
"என்னா இது, கொதிக்குது?
வெட்ட ஏலாது, பிய்யுது."
இந்த வாசலில்
என் பாணுக்கு இப்படி ஒரு குறை
இதற்குமுன் வந்ததில்லை.

மறுநாள் விடியுமுன் இறங்கினேன்.
ஏழு கிலோ கூடிய சைக்கிள்
கோயில் வளைவில் நிற்கவில்லை.
பிரேக் கட்டை இரண்டும் தேய்ந்து மழுங்கல்.
தேயிலைப் புதர்தான் நிறுத்தியது,
முழங்கை முழுக்கக் கீறல்.

ஏறுவதைப் பற்றியே
ஒன்றரை மாதம் யோசித்திருக்கிறேன்.

புதுக் கட்டை டவுனில்தான் கிடைக்கும்.
டவுனோ கீழே, நாலரை மைல், முழுக்க இறக்கம்.
மோட்டாரை அணைத்து,
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
பக்கத்தில் நடக்கிறேன்.