அறுபது மில்லி

கார் வாங்கி எட்டாவது மாதம்
டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டெடுத்தேன்.
நுனியில் ஒரு பழுப்புப் பொட்டு.
லீசிங் இன்னும் ஐம்பத்திரண்டு தவணை.

இரவில் காருக்கடியில்
பிரிட்ஜ் வந்த மட்டையைப் பிரித்து விரித்தேன்.
விடிய இழுத்துப் பார்த்தால்
பூனைமயிர், வேப்பஞ்சருகு இரண்டு.
ஒயில் ஒரு சொட்டில்லை.

"ஒழுகல்லயெண்டா குடிக்குது"
என்றார் கன்னியா வீதிக் கராச் நஸ்மில்.
"நான் கை வெச்சா வொரண்டி போயிரும் மிஸ்,
கொம்பனிக்கே கொண்டு போங்க."
பின்னால் நிற்கச் சொல்லி சாவியைத் திருப்பினார்.
நீலமாய் ஒரு பெருமூச்சு.
என் சேலைத் தலைப்பில் அன்று முழுக்க அந்த வாசம்.

கொப்பி போட்டேன். திகதி, கிலோமீற்றர், குறைந்த அளவு,
ஊற்றிய ஒயிலின் பற்றுச்சீட்டு, பின் அடித்து.
புதுவேலையில்லை இது.
நீர் வழங்கல் சபையில்
காணாமல் போகும் தண்ணீருக்குக் கணக்கெழுதுகிறவள் நான்.

தம்புள்ளைக் கிளையில் லக்ஷித தேநீர் தந்தான்.
என் அரைச் சிங்களமும் அவன் கால் தமிழும்
ஒருவாறு சமாளித்தன.
வேகமாக ஓட்டுவீர்களோ என்று கேட்டான்.
ஹபரணைக் காட்டில் யானை குறுக்கிட்டால்
எவரும் மெதுவாகத்தான் ஓட்டுவோம் தம்பி.
புது ஒயில் நிரப்பி
அடிப்பூட்டுக்குச் சிவப்புப் பெயின்ற் கோடு இழுத்து
மூடிக்கு முத்திரை ஒட்டி
ஆயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டு வரச் சொன்னான்.
கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கடாபோல
காரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இந்த ஊரில் ஆயிரத்தை எங்கே ஓடித் தீர்ப்பது?
வீடும் கந்தோரும் நாலு கிலோமீற்றர்.
வேலை விட்டதும் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை,
ஒன்றும் வாங்காமல் திரும்புவேன்.
ஒருநாள் கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர்.
மகன் இரண்டு நாள் வந்தான், மூன்றாம் நாள்
"விசர் அம்மா" என்று இறங்கிவிட்டான்.
சீனக்குடாவில், பற்றைக்குள்,
பழைய யுத்தத்துக்குக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள்
துருவேறி வரிசையாய்.
அவ்வளவு எண்ணெய்க்கு இடம் வைத்திருக்கும் ஊரில்
ஒரு லீற்றருக்கு அலைகிறேன்.

முத்திரை உடைத்து அளந்தார்கள்.
தொள்ளாயிரத்து நாற்பது மில்லி குறைவு.
கொம்பனியின் எல்லை ஆயிரம்.
"ஓகே மிஸ், நோர்மல்."
இடையில் அறுபது மில்லி,
ஒரு சின்ன இருமல் பாணிப் போத்தல்.
அதற்குள் என் எஞ்சின் சுகதேகியாகிவிட்டது.
திருப்தி என்று கையெழுத்திடும் தாளைத் தள்ளினான்.
நான் போடவில்லை.
அளவையும் காரணத்தையும் எழுதித் தா,
அடுத்த ஆயிரத்தையும் அளந்து காட்டு என்றேன்.
எழுதித் தந்தான், மூன்று வரி.
கடைசி வரி: ஏற்றுக்கொள்ளத்தக்க எல்லைக்குள் உள்ளது.

கந்தளாய்க் குளக்கட்டில் நிறுத்தி
மறுபடி வாசித்தேன்.
எங்கேயோ எழுதிய கை.

என் கைதான்.
ஜமாலியா, உம்மு றிபாயா.
பில் மும்மடங்கு வந்ததென்று
பொலித்தீன் பையில் மடித்து இரண்டு தரம் கொண்டுவந்தவ.
நிலத்தில் ஈரமில்லை, மீற்றர் சரி,
இழப்பு ஏற்றுக்கொள்ளத்தக்க எல்லைக்குள்.
மூன்று வரி. சிற்றொப்பம்.

இரண்டாம் ஆயிரத்தில்
முந்நூற்று நாற்பது ஓடியாயிற்று.
கொப்பி டாஷ்போர்ட்டில் கிடக்கிறது.

நேற்று இரவு ஒன்றரைக்கு,
ஊர்க் குழாயெல்லாம் பூட்டிய நேரத்தில்,
கேட்கும் கம்பியை டிக்கியில் போட்டு ஜமாலியா போனேன்.
எஞ்சினை நிறுத்தியும்
டிக் டிக்கென்று கொஞ்ச நேரம் ஆறியது.
நாயொன்று குரைத்துக் களைத்தது.
கம்பியை றோட்டில் ஊன்றி
மறு நுனியில் காதை வைத்தேன்.

லைற் எரிந்தது. ஜன்னல் திறந்தது.
"ஆரு?"

"வோட்டர் போட்" என்றேன்.
"கொஞ்சம் பொறுங்கோ,
கேட்டுக்கொண்டிருக்கிறன்."