நெறி

காங்கேயத்தில், பழையகோட்டை ரோட்டில்,
தகர மேசைமேல் ஜின்னி நின்றாள்.
டாக்டர் இளவேனில் என் விரலைப் பிடித்து
அவள் தாடைக்கு அடியில் வைத்தார்.
தோலுக்குள் ரெண்டு புளியங்கொட்டை.
பின்னங்கால் மடிப்பில் இன்னும் ரெண்டு.
"அமுக்கினா கத்தறாளா பாருங்க."
கத்தவில்லை. என் மணிக்கட்டை நக்கினாள்.
"கத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம்
நிம்மதியா இருந்திருக்கும்" என்றார்.

தேள் ஒரு பக்கம் கொட்ட
நெறி ஒரு பக்கம் கட்டும் என்பார்களே,
போன வாரமே நாலு பாதத்தையும்
விரித்து விரித்துப் பார்த்திருந்தேன்.
முள்ளில்லை. உண்ணிகூட இல்லை.

பிறகு கேள்விகள்.
பாக்ஸர்தானே? ஆமாம்.
இந்தச் சாதி நாய்க்கே இது கொஞ்சம் அதிகம், எழுதிக்கொண்டார்.
வயசு? எட்டு.
வீட்டில் யார் பிடிப்பது? மாமனார், பீடி.
அவர் கட்டிலுக்கு அடியில்தான் இவள் படுப்பாள்.
எதையாவது எரிப்பதுண்டா? பனியன் வேஸ்ட்டு, தண்ணி காய.
களைக்கொல்லி? தென்னந்தோப்புக்கு அடிப்போம்,
அடித்த ஈரம் காயுமுன் அதில் போய்ப் புரளுவாள்.
கடன் கணக்கு ஒப்பிப்பதுபோல் மளமளவென்று சொன்னேன்.
நாய்க்காகச் சொல்வதில் என்ன வெக்கம்.

"இதுல ஒண்ணையும் குத்தவாளின்னு
கையைக் காட்ட முடியாதுங்க.
இதே தோப்புல புரண்டு கெழமாகிச் செத்த நாயும் இருக்கும்.
மேக்கால மூட்டம் போடுது,
எல்லா மூட்டமும் பெய்யுதா?"
நானும் தலையாட்டினேன்.
மூட்டம் போட்டால் காயப்போட்ட கொப்பரையை
அள்ளி உள்ளே வைப்போம்தானே என்பது
ஆட்டோ படியூர் தாண்டிய பிறகுதான் தோன்றியது.

சனிக்கிழமை அவருக்கு எண்ணெய் வைத்தேன்.
விரலுக்குப் புதுசாக ஒரு வேலை தெரிந்துவிட்டது,
சும்மா இருக்கவில்லை.
காதுக்குப் பின்னால், பிடரியில்,
காறை எலும்புக்கு மேலே
ஒரு கொட்டை.
"வலிக்குதுங்களா?"
"இல்லியே."
எண்ணெய்க் கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று
இன்றுவரை ஞாபகமில்லை.

கோயமுத்தூரில், அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில்,
துண்டு வெட்டிப் பார்த்துப் பேர் சொன்னார்கள்.
ஜின்னிக்குச் சொன்ன அதே பேர்.
அதே கேள்விகள், கொஞ்சம் கூடக்குறைய.
மஞ்சள் காமாலை வந்ததுண்டா,
கிட்னிக்கு ஏதாவது மாத்திரை,
சொந்தத்தில் யாருக்காவது.
"இல்லீங்." "இல்லீங்." "அப்படி ஏதுமில்லீங்."
மருந்து தெளிப்பீங்களா?
"எப்பவாச்சும்."
பின்னால் உட்கார்ந்திருந்த நான் சொன்னேன்:
பதினோரு வருசம். சட்டையில்லாமல். வாயில் ஒரு துண்டு.
டேங்கு ஒழுகி முதுகெல்லாம் நனையும்.
அவங்க சின்னம்மா கழுத்துக் கட்டியிலதான் போனாங்க,
அதுக்கு யாரும் பேர் கேக்கல.
அவர் திரும்பி என்னைப் பார்த்தார்,
கோர்ட்டில் எதிர்ச்சாட்சியைப் பார்ப்பதுபோல்.

"நாய்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா?" நாத்தனார்.
ஒட்டாது என்று ரெண்டு டாக்டரும் சொன்னதைச் சொன்னேன்.
எனக்கும் காப்பியைப் பேப்பர் கப்பில்தான் கொடுத்தாள்.

ஜின்னி கார்த்திகையில் போய்விட்டாள்.
அவருக்கு நாலாவது ஊசி முடிந்தது. கட்டி கரைகிறதாம்.
தோப்பில் களை முழங்காலுக்கு நிற்கிறது.

நேற்று பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன்
தெளிக்கிற டேங்கை இரவல் கேட்டு வந்தார்.
ஆணியிலிருந்து எடுத்தேன்.
கொஞ்ச நேரம் என் கையிலேயே இருந்தது.
அவரும் நீட்டிய கையை மடக்கவில்லை.
ஒழுகுமுங்க என்றேன். கொடுத்தேன்.
கூடவே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை ஒன்றையும்.
"இந்த வெய்யலுக்கா?" சிரித்தார்.

கிளுவை வேலியில்
தொங்குகிறது சட்டை,
ரெண்டு கையும் காற்றில் நிறைந்து.