கட்டைவிரல்

சாக்கோ முள்காடு, 1933

தண்ணீர் லாரி வராத ஆறாம் நாள்.
ஆளுக்கு மூன்று மூடி.
மூடி என்றால் மத்தி மீன் டப்பாவுடையது,
ஓரம் மடித்துக் குழித்தது.

சார்ஜென்ட் பெல்லோ அளக்கும்போது
கட்டைவிரல் மூடிக்குள் கிடக்கும்.
நாற்பது பேர், நாற்பது விரல் பருமன் தண்ணீர்
பீப்பாயிலேயே தங்கிவிடும்.
ராத்திரி அது எங்கே போகிறது என்று கேட்க
எங்கள் வாயில் எச்சில் இல்லை.

அப்புறம் லெப்டினன்ட் உர்கிடி வந்தான்.
கொச்சபம்பாவில் வக்கீல் வீட்டுப் பிள்ளை.
எங்கள் அய்மாராவில் மூன்றே சொல் தெரியும்:
உமா, தண்ணீர். ஹனி, இல்லை. காரூரு, நாளைக்கு.
மூன்றையும் சேர்த்தால் அன்றாட உத்தரவு.

படியளக்கிறவனிடம்
கையைத்தான் முதலில் பார்ப்போம், முகத்தை அப்புறம்.
மூடியை வெளிவிளிம்பில் பிடித்தான்,
சுடுகிற தட்டைப் பிடிப்பதுபோல.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் காலை
துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போட்டிருந்தது.

தார்க்கி திருடினான். அரை மூடி.
சட்டப்படி சுட்டிருக்கலாம்.
உர்கிடி அவனைக் கெப்ராச்சோ மரத்தில் கட்டினான்,
வெயில் சாயும்வரை.
முறை வந்தபோது கட்டை அவிழ்க்காமலே
அவன் வாயில் மூன்று மூடி ஊற்றினான்.
விரல் வெளியே.
அன்றைக்கு நான் அவனை வெறுத்தேன்.
இப்போதும் கொஞ்சம்.

அவன் இடுப்புக் குடுவை
நடையில் சத்தமே போடாது.
நிறைந்த குடுவை சத்தம் போடாது,
காலிக் குடுவையும் போடாது.
இருட்டில் படுத்தபடி அவன் ரோந்து போவதைக்
காது கொடுத்துக் கேட்டோம்.
நிறைதான் என்றான் காயிசாயா.
காலி என்று நான் பந்தயம் வைத்தேன்,
இரண்டு கோக்கா இலை.

தொடையில் குண்டு பாய்ந்தவனை
முள்ளுக்குள் பத்து கிலோமீட்டர்
முதுகில் சுமந்தவன் தார்க்கி.
உன்னையா கட்டிப்போட்டான், உனக்கென்ன வந்தது, என்றேன்.
"ஊற்றும்போது பார்த்தாயா" என்றான்,
மூச்சு வாங்கியதில் மீதி கேட்கவில்லை.

கச்சையை அவிழ்த்ததும் குடுவை என் கையில்.
நிறையவும் இல்லை, காலியும் இல்லை.
உள்ளே சட்டைத் துணியைக் கிழித்துத் திணித்திருந்தான்,
தளும்பாமலிருக்க.
அவனும் குடித்திருக்கிறான், எங்களைப் போல.
எங்கள் காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொண்டான்.

பந்தயத்தில் இருவருமே தோற்றோம்.

துணியை மூடிக்குள் பிழிந்தேன்.
ஒன்றரை மூடி தேறியது, ரத்த வாடையோடு.
லெப்டினன்டின் உதட்டருகே கொண்டுபோனேன்.
தார்க்கி தண்ணீரைப் பார்க்கவில்லை.
என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.