ஈயம், பதினான்கு கிராம்

மீனம்பாக்கம் அயல்நாட்டு அஞ்சல் பிரிவில்
மூன்றாம் மேசை என்னுடையது.
உறையைப் பிரித்தால்
ஐந்து ரூபாய் அகலத்தில் ஒரு சாம்பல் வில்லை.
சீட்டில்: ஈயம், பதினான்கு கிராம், முப்பத்தாறு யூரோ.

ஈயத்துக்கு முப்பத்தாறா என்றார் பென்சிகர்.
காசிமேட்டில் தூண்டில் குண்டே
இதைவிடக் கனமாய்க் கிடைக்குமாம்.

லென்ஸை வைத்தேன்.
ஒரு பக்கம் குழந்தையோடு மாதா, மூக்கு தேய்ந்து.
மறுபக்கம் நாலு வரி கிரேக்கம்.
கூட வந்த தாள் சொன்னது:
ஆண்டவரே, உம் அடியானுக்கு உதவும்,
…தோரோஸ், பேரரசின் சுங்கக்காரன்.

பெயரின் முன்பாதி
விளிம்புக்கு வெளியே விழுந்துவிட்டது.
தெயோதோரோஸோ, இசிதோரோஸோ.
அன்று கை சாய்ந்திருக்கிறது.
பட்டு மூட்டைகள் வரிசையில் நின்றிருக்கும்,
கப்பல்காரன் கத்தியிருப்பான்,
சோறோ ரொட்டியோ ஆறிக்கொண்டிருக்கும்.
அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.
சனிக்கிழமை நாலு மணிக்கு
என் ரப்பர் முத்திரையும் அப்படித்தான் விழும்.

ஆனால் வரி வாங்குகிறவன்
எதற்கு உதவி கேட்டான்?
கணக்கு இடித்ததா?
மேலிடத்தில் யாராவது கேட்டார்களா,
கீழே யாராவது நீட்டினார்களா?

முகவரிக்காரர் வந்தார்.
வியாசர்பாடி குணாளன், மின்வாரியத்தில் ஓய்வு.
சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு, ஆதார் நகல்.

"முப்பத்தோரு வருஷம் மேடம்,
மீட்டருக்கு ஈய சீல் அடிச்சவன் நான்.
கம்பிய நுழைச்சு, வில்லைய வச்சு,
கொறடால ஒரே அமுக்கு.
இந்த ஆளும் அதேதான்."

வில்லையின் இடுப்பில்
குறுக்கே ஓடும் துளையைக் காட்டினார்.
கயிறு இருந்த இடம்.
இப்போது ஒரு குண்டூசி நுழையும்.

"கயிறு மக்கிடுச்சு, மூட்டையும் போச்சு" என்றவர்
வில்லையை மேசையில் வைக்காமல்
குரலைத் தணித்தார்.
"என் சீலை உடைச்சவங்க நெறைய பேர்.
ரெண்டு பேர் மேலதான் எழுதினேன்."

மற்றவர்களைப் பற்றி
நான் கேட்கவில்லை.
மேலே விமானம் ஒன்று இறங்கியது,
அது போகும்வரை
இருவரும் மாதாவின் மூக்கைப் பார்த்தோம்.

வரியைச் சில்லறை சகிதம் எண்ணி வைத்தார்.
ரசீதில் குத்தினேன்.
எங்கள் முத்திரையில் பெயரும் இல்லை,
பிரார்த்தனையும் இல்லை.
நானூற்றுப் பதினேழு, அவ்வளவுதான்.
நாலு காகிதத்துக்கு வெளியே போய்விட்டது.

பதினேழாம் எண்காரர் யார் என்று
பென்சிகரிடம் கேட்க வேண்டும்.